இட்லிப்பூ வேலி

என் மகன் அரிஹந்துக்கு எதற்கும் ஒரு சுவர் வேண்டும். சென்னையில் ஆறாவது மாடியில் குடியிருக்கிறான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான், அதில் அவனுக்கு ஒரு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பிறகு மூன்றாவதாக இதுதான் வரும்.

“சைடு காம்பவுண்ட் எப்பம்மா கட்டறது?”

“அதான் வேலி இருக்குதே.”

“இடுப்பு ஒசரத்துக்குப் பூச்செடி வெச்சிட்டு அதை வேலின்ற. நீ ஒண்டியா இருக்கிற. எவனாவது தாண்டி வந்தான்னா?”

“வந்தா நாலு பூ பறிச்சிகினு போவான். போகட்டும்.”

நான் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். எதிரில் இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, ஓய்வு பெற்ற பிறகும் அது வரவில்லை. ஆனால் பெற்ற பிள்ளை விடாமல் நச்சரித்ததில், போன பொங்கலுக்கு ஓர் ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தேன். செடி இருக்கிறவரை அவன் சுவர்ப் பேச்சை எடுக்கக்கூடாது. செடி போய்விட்டால் இஷ்டப்படி சுவர் எழுப்பிக்கொள்ளலாம். “டீல்” என்றான். இட்லிப்பூச் செடி என்ன சாகிற ஜாதியா என்ற தைரியத்தில் நானும் தலையாட்டினேன்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுத் தருமன் வீட்டுக்கும் நடுவில் இருபத்திரண்டு இட்லிப்பூச் செடிகள், தெருவாசலில் தொடங்கிப் பின்பக்கத்துக் குழாயடி வரை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தருமனுடைய மனைவி பரிமளாவும் நானும் சந்தவாசல் பக்கத்து நர்சரிக்குப் போய், ஆட்டோவில் காலடியில் பாதியும் மடியில் பாதியுமாகக் கொண்டுவந்தவை. குட்டை ரகம். இடுப்புக்கு மேல் போகாது, வருஷம் பூராவும் சிவப்பாகப் பூக்கும் என்று நர்சரிக்காரர் சத்தியம் செய்தார். செடி அவர் வார்த்தையைக் காப்பாற்றியது. ஒன்றரை அடிக்கு ஒன்று வைத்தோம். செம்மண், மக்கின சாணம், இலைச்சருகு மூன்றையும் கலந்து குழியை நிரப்பினோம். அதற்கு நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக்கூடாது, மண் காயவும் கூடாது. ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் வாடின கொத்தை இரண்டு இலைக்குக் கீழே வெட்டிவிட்டால் வெட்டின இடத்தில் இரண்டு கிளை வரும், இரண்டிலும் கொத்து வரும். பரிமளா அவள் பக்கம் வெட்டுவாள், நான் என் பக்கம். மேல்பக்கம் யாருடையது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. அவள் வளைத்து வெட்டுவாள். எனக்கு ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல நேராக இருக்க வேண்டும்.

பரிமளா தெள்ளாரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். தருமன் பட்டுச் சாயப் பட்டறையில் வேலை செய்கிறார். அவர் கைகள் இன்றைக்கு மாம்பழ மஞ்சளாக இருக்கும், நாளைக்கு மயில் கழுத்தாக இருக்கும். அதிகம் பேச மாட்டார். அந்த வீட்டில் இரண்டு பேருடைய பேச்சையும் பரிமளாவே பேசிவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மல்லிநாதன் தூக்கத்திலேயே போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு நாளில் நான் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி அந்த வேலிக்கு மேலேதான். நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் நான் சாப்பிடுவதில்லை. பரிமளாவுக்கு அது தெரியும். வெங்காயம் பூண்டு போடாமல் அவள் ஏதாவது செய்தால் சாயந்திரம் ஐந்தரைக்குள் ஒரு கிண்ணம் வேலியைத் தாண்டி வரும். அங்கே ஆறடிச் சுவர் எழும்பினால் அதற்கு மேலே யார் கிண்ணத்தை நீட்டுவார்கள்? தெருவைச் சுற்றிக்கொண்டு வரலாம்தான். தெருவைச் சுற்றி வருவதற்கு ஒரு காரணம் வேண்டும், வேலியடிக்கு வருவதற்குக் காரணமே வேண்டாம். அந்தச் சுவரை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. சொல்வதில் என்ன வெட்கம்.

அப்படிப்பட்ட செடி ஆடி மாசத்தில் மஞ்சளாக ஆரம்பித்தது.

முதலில் கொழுந்து. இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பிறகு நுனி கருகியது. மொட்டு வைத்த கொத்துகள் விரியாமலே உதிர்ந்தன. குழாயடிப் பக்கம் இருந்த நாலைந்து செடிகள் ரொம்ப மோசம். எரு போட்டேன். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினேன். அரிசி கழுவின தண்ணீர், டீத்தூள் சக்கை, யார் என்ன சொன்னாலும் செய்தேன். ஒன்றுக்கும் அது அசையவில்லை. அரிஹந்த் வீடியோ காலில் வேலியைக் காட்டச் சொன்னான். நான் போனைத் திருப்பித் தருமன் வீட்டு மாமரத்தைக் காட்டினேன்.

எறும்புத் தொல்லைக்கு மட்டும் நான் முன்பே வழி செய்திருந்தேன். சித்திரையில் குழாயடியில் கடியெறும்பு புற்று வைத்தது. வரிசையாக வந்து செடியில் ஏறும், பூப்பறிக்கப் போனால் கையைப் பிடுங்கும். “கடையில எறும்புப் பொடி விக்கிறான்க்கா, ரெண்டு தூவு தூவினா ஜல்தியாப் பூடும்” என்றாள் பரிமளா. என் வீட்டில் எறும்பைக் கொல்வதாவது! அவளிடம் ஒன்றும் சொல்லாமல் நான் யோசித்தேன். சுண்ணாம்புத் தூள் வாங்கி வந்து, வேலியின் அடியில் என் பக்கமாக நீளத்துக்கு ஒரு கோடு போட்டேன். எறும்பு கோடு வரைக்கும் வந்தது, கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தது, வந்த வழியே திரும்பிப் போனது. ஒன்றுகூடச் சாகவில்லை. தண்ணீர் ஊற்றும்போது கோடு கரைந்துவிடும் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து புதுக்கோடு போட்டேன். ஜினாலயத்தில் இதை நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன், அவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் போட ஆரம்பித்திருந்தார்கள்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் காலை ஐந்தே முக்காலுக்கு வரும். வடிகட்டும் துணியும் குடமுமாகப் பின்பக்கம் போனவள், வேலிக்கு அந்தப் பக்கம் தருமன் குனிந்திருப்பதைப் பார்த்தேன். கையில் பிளாஸ்டிக் மக்கு. செடியின் அடியில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் இல்லை, வெளிர்ப்பச்சையாக இருந்தது. பக்கத்துச் செடிகளின் அடியில் மண் துருப்பிடித்த நிறத்தில் கறை கறையாகக் கிடந்தது. ஒரு நாள் வேலை இல்லை அது. என்னைப் பார்த்ததும் அவர் மக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

மறைத்ததைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஆனி மாசம் அவர் பெண் உதயா ஸ்கூட்டர் வாங்கினபோது, இந்த வேலி ஓரடி தள்ளியிருந்தால் வண்டியை உள்ளே விடலாம் என்று தருமன் சொன்னது ஞாபகம் வந்தது. எந்தப் பிள்ளையாவது வழிமுறை எழுதாமல் விடை மட்டும் போட்டால் நான் முட்டை மார்க் போடுவேன். அன்றைக்கு நானே அப்படித்தான் விடை போட்டேன்.

“தருமன், இன்னா ஊத்தறீங்க?”

“ஒண்ணும் இல்லீங்க டீச்சர். சும்மா...”

“சும்மாவா? பட்டறைச் சாயத்தக் கொண்டாந்து ஊத்திகினு சும்மான்றீங்க! எதனால காயுது, எதனால காயுதுன்னு நான் ரெண்டு மாசமா தலைய பிச்சிகினு இருக்கிறேன். வண்டி வுட எடம் வேணும்னா வாயத் தொறந்து கேக்கறதுதானே?”

“ஐயோ, அது இல்லீங்க டீச்சர். நான் சொல்றத கொஞ்சம்...”

“ஒண்ணும் சொல்ல வேணாம்.”

வேலிக்கு மேலே எட்டி அவர் பக்கத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக் கொழுந்தெல்லாம் பச்சையாக இருந்தது. என் பக்கம்தான் மஞ்சள். இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை. செடிக்கு விஷம் வைக்கிறவர் தான் நிற்கிற பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்துக்கு மட்டும் எப்படி வைப்பார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சத்தம் கேட்டுப் பரிமளா வெளியே வந்தாள். அவள் முன்னால்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

“காலைலேருந்து சாயந்திரம் வரைக்கும் செத்த பூச்சியோட நூலக் கொதிக்க வெச்சிகினு இருக்கிற ஆளு நீங்க. ஒரு உசுரோட அரும உங்களுக்கு எங்க தெரியப்போவுது?”

பட்டு ஊரில் பட்டுக் கட்டாதவள் நான். எங்கள் ஆட்களிலேயே பலர் கட்டுகிறார்கள். கூட்டுக்குள் புழு இருக்கும்போதே கொதிக்கவைத்து நூல் எடுக்கிறார்கள் என்பதால் முப்பது வயதில் விரதம் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன். அது என்னோடு இருக்க வேண்டிய விஷயம். இத்தனை வருஷத்தில் தருமனிடம் நான் அதைப்பற்றி ஒரு சொல்கூடப் பேசினதில்லை. அவருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தே, அந்த இடத்தைப் பார்த்துச் சொன்னேன்.

தருமன் மக்கைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். “இன்னா வார்த்தக்கா பேசிட்டீங்க” என்றாள் பரிமளா. அவளுக்குப் பேச்சு நின்று போனதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அவளும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோபம் ஆறுவதற்குள் அரிஹந்துக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

“சுவரக் கட்டிக்கோ.”

“இன்னாச்சும்மா?”

“கட்டுடான்னா கட்டு.”

அவன் அதற்குத்தானே காத்துக்கொண்டிருந்தான். பத்து மணிக்குள் வெம்பாக்கத்து மேஸ்திரி இளவரசனைப் பிடித்துவிட்டான். திங்கட்கிழமை ஆள் வந்துவிடும், முதலில் செடிகளைத் தோண்டி எடுத்துவிட்டு அஸ்திவாரம் போடுவார்கள் என்று தகவல் அனுப்பினான்.

அந்த ஐந்து நாளை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. சாயந்திரம் ஐந்தரைக்குப் பின்பக்கம் போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்தேன். தெருவில் தறிச்சத்தம் கேட்டது, அடுத்த வீட்டில் குக்கர் விசில் கேட்டது, பரிமளா குரல் மட்டும் கேட்கவில்லை. சொன்னது தப்பு என்று வியாழக்கிழமையே உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. ஆனால் செடியைக் கெடுத்தது அவர்தானே, முதலில் அவர் வந்து சொல்லட்டும் என்று இருந்தேன். ஒரு பேஜாரான பிடிவாதம். அந்த வெள்ளிக்கிழமைகூடச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு இளவரசன் கடப்பாரை, மண்வெட்டியோடு வந்தார். வேலியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். “குழாயடிச் செடிதான் ரொம்பக் காஞ்சிருக்குது. இங்கிருந்தே ஆரம்பிச்சிடறேன்மா” என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

நாலு குத்தில் முதல் செடி மண் கட்டியோடு பெயர்ந்து வந்தது. இளவரசன் அதைத் தூக்கி எறியப்போனவர், நின்று, கட்டியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“சுண்ணாம்ப யாரும்மா இங்க கொட்டினது?”

“கொட்டல. எறும்புக்குன்னு ஒரு கோடு போடுவேன். வாராவாரம்.”

“கோடா? மூணு வெரக்கடைக்கு உள்ள எறங்கிக் கெட்டியாப் பூடுச்சு, பாருங்க. நாங்க பூச்சு வேலைக்கு சுண்ணாம்பு கொழைக்கிற எடத்துல ரெண்டு வருசத்துக்குப் புல்லே மொளைக்காது. பூஞ்செடி எப்படிம்மா தாங்கும்?”

கட்டியைத் திருப்பிக் காட்டினார். என் பக்கத்து வேர் கறுத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. தருமன் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று புது வேர் ஓடியிருந்தது. “அந்தப் பக்கம் யாரோ வைத்தியம் பாத்துகினு இருக்கிறாங்க. இல்லாங்காட்டி மொத்த வரிசையும் எப்பவோ பூட்டிருக்கும்” என்றார்.

நான் குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்தபோது பரிமளா அவள் வீட்டுப் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செடி பிடுங்குகிற சத்தம் கேட்டு வந்திருப்பாள். கண் சிவந்திருந்தது.

“பரிமளா, அவர் ஊத்தினது இன்னா?”

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, “அன்னபேதி” என்றாள். “பட்டறையில முன்ன கறுப்பு நூலுக்குப் போடுவாங்களே, அது. எல பச்சையாவும்னாரு. ஒரு மாசமா வாரத்துல ஒரு நாளு ஊத்தறாரு. அத எதுக்கு விடியக்காத்தால ஒளிச்சி ஒளிச்சி ஊத்தறேன்னு கேட்டா வாயத் தொறக்கல.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி.”

“எங்கக்கா சொல்ல வுட்டீங்க?”

அன்னபேதி என்பது இரும்பு உப்பு. சுண்ணாம்பு ஏறின மண்ணில் செடிக்கு இரும்புச் சத்து கிடைக்காது, கொழுந்து வெளுத்துவிடும். அறிவியல் டீச்சர் லீவு போட்ட நாட்களில் அந்தப் பாடத்தை நானே நடத்தியிருக்கிறேன். புத்தகத்தில் படமும் இருந்தது, நரம்பு மட்டும் பச்சையாக ஓர் இலை. அந்த இலையை என் வீட்டு வேலியில் இரண்டு மாசமாகப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. ஓர் எறும்புகூடச் சாகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து, இருபத்திரண்டு செடிகளைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மனிதரைத்தான் உயிரின் அருமை தெரியாதவர் என்று சொன்னேன்.

இளவரசன் பக்கத்துச் செடியின் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். “இது உள்ள பச்சை இருக்குதும்மா. சாவல.” அடுத்ததைக் கீறினார். “இதுவும் சாவல.” ஒவ்வொரு செடியாக அவர் சாவல, சாவல என்று சொல்லிக்கொண்டு போக, எனக்கு மூச்சு வந்தது. “வேலைய நிறுத்துப்பா, நான் வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

சாயப் பட்டறை எங்கள் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளி. முப்பத்தைந்து வருஷமாக ஆரணியில் இருக்கிறேன், அந்தத் தெருவில் நான் நடந்ததில்லை. கடைக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவேன். உள்ளே நுழைந்ததும் சோப்பு வாசனையும் ஆவியும் முகத்தில் அடித்தன. பெரிய பெரிய அண்டாக்கள், கழிகளில் நூல் சிட்டங்கள். தருமன் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு அரக்குச் சாயத்தில் ஒரு கழியைத் திருப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

“டீச்சர்! வூட்ல எதனா...?”

“வீட்ல எல்லாரும் நல்லா இருக்கிறாங்க. நான்தான் வந்தேன்.”

 வருஷத்துக்கு ஒருமுறை தசலட்சண விரதம் முடிந்ததும், தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்புக்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் கை கூப்பின படம் ஒன்றை நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவிடுவேன். அந்த நாற்பது பேருக்கும் நான் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டேன். தப்பு செய்த ஒருவர் முன்னால் நின்று கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற வேலையாட்கள் கழியைத் திருப்புவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இரண்டு கைகளையும் கூப்பினேன்.

“தருமன், செடியக் கெடுத்தது நான். நீங்க அதக் காப்பாத்திகினு இருந்தீங்க. அன்னிக்கு நான் பேசின பேச்சு ரொம்பத் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க.”

அவர் உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடவில்லை. கழியை அண்டாவின் மேல் குறுக்கே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார்.

“வலிச்சுதுங்க டீச்சர்” என்றார். “எங்கப்பா காலத்துலேருந்து இதான் எங்களுக்கு சோறு. அஞ்சு நாளா நூலத் தொடும்போதெல்லாம் நீங்க சொன்னதுதான் ஞாபகம் வந்துகினு இருந்தது.”

“வலிக்கும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அதான் பெரிய தப்பு.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஒருமுறை ஆட்டினார். “வுடுங்க. நீங்க இந்த வாசப்படி ஏறி வந்ததே எனக்குப் போதும்.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சுண்ணாம்பாலதான் காயுதுன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் எங்கிட்ட சொல்லல?”

தருமன் நெளிந்தார். “எப்படிங்க சொல்றது? நீங்க தண்ணிய வடிகட்டிக் குடிக்கிறீங்க, இருட்டினா சாப்புட மாட்டீங்க. இத வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தலைக்குக் குளிச்சிட்டு வந்து போடறீங்க. உங்க சாமிக்கு ஏதோ நோன்புன்னு நெனச்சேன். அதுல போயி நான் வாய வெக்க முடியுங்களா? நீங்க பாட்டுக்கு சுண்ணாம்பு போடுங்க, நான் பாட்டுக்கு அன்னபேதி ஊத்தறேன், செடி எப்படியாவது பொழச்சிக்கட்டும்னு வுட்டுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நோன்பும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. எறும்புக்குப் போட்டது, என் சொந்த மூள.”

அவரும் சிரித்துவிட்டார். ஆவிக்கு அந்தப் பக்கமிருந்து இன்னும் யாரோ சிரித்தார்கள்.

“பரிமளாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“அவகிட்ட சொல்றதும் உங்ககிட்ட சொல்றதும் ஒண்ணுதானுங்களே.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆவியினால் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், நிம்மதியினால்தான். ஐந்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. தருமன் பேச்சோடு பேச்சாக வைத்தியத்தையும் சொன்னார். மேல்மண்ணை நாலு விரற்கடைக்கு வாரி எடுத்துவிட வேண்டும். புதுச் செம்மண்ணும் மக்கின எருவும் போட வேண்டும். அன்னபேதி பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன், அதற்கு மேல் போனால் அதுவும் விஷம்.

“என் பக்கத்துலேருந்து ஊத்தினா உங்க பக்கத்து வேருக்கு எட்ட மாட்டேங்குது” என்றார். “சாயந்திரம் நான் உங்க பக்கம் வந்து ஊத்தலாங்களா?”

“கேக்கணுமா அத?”

வீட்டுக்கு வந்ததும் அரிஹந்துக்குப் போன் செய்தேன். “சுவர் வேணாம். வேலைய நிறுத்திட்டேன்.”

“அம்மா, புதன்கெழம நீதானே கட்டுன்னு...”

“அன்னிக்கு நான் சொன்னது தப்பு.”

 லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருபத்தொன்பது வருஷத்தில் என் வாயிலிருந்து அவன் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை, பாவம். கடைசியில், “சரி, செடி எத்தனை இருக்குது?” என்றான்.

“இருபத்தொண்ணு. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்” என்று வைத்துவிட்டேன். அடுத்து, சுண்ணாம்புக் கோட்டுப் பெருமையை நம்பின அந்த இரண்டு ஜினாலயத்துப் பெண்களுக்கும் போன் செய்து உடனே நிறுத்தச் சொன்னேன். சுவர் எழுப்ப வந்த இளவரசன் அன்றைக்கு முழுக்கச் சுண்ணாம்பு மண்ணை வாரி எடுத்துச் செம்மண் நிரப்பினார். எறும்புக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். புற்றுக்குப் பக்கத்திலேயே தினமும் ஒரு சிட்டிகை ரவை வைக்கிறேன். பக்கத்திலேயே சாப்பாடு கிடைத்த பிறகு அவை வேலிப்பக்கம் அவ்வளவாக வருவதில்லை.

அன்று சாயந்திரம் தருமன் வாளியோடு வந்தார். தெருவைச் சுற்றி வரவில்லை. முதல் செடியைப் பிடுங்கின இடத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது, அதன் வழியாகத்தான் வந்தார். பின்னாலேயே பரிமளா. வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். பிறகு ஐந்து நாள் பேசாத பேச்சை எல்லாம் பேச ஆரம்பித்தாள், இருட்டுகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

மூன்றாவது வாரம் என் பக்கத்தில் கொழுந்து பச்சையாக வந்தது. கருகின கிளைகளை நாங்கள் இருவரும் வெட்டிவிட்டோம், மேல்பக்கத்துக்குச் சண்டையும் போட்டோம். ஐப்பசியில் சிவப்பாக மொட்டுகள் வைத்தன. தீபாவளிக்கு அரிஹந்த் வந்தான். வேலியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, ஆடிட்டர் மாதிரி ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்தான். குறை ஒன்றும் அகப்படவில்லை. குழாயடிக்கு வந்ததும் நின்றான்.

“இங்க ஒண்ணு காலியா இருக்குதேம்மா. சந்தவாசல்ல சொல்லி ஒரு செடி வாங்கி வெச்சிடலாமா?”

நான் பதில் சொல்வதற்குள், காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமிருந்து பரிமளா வந்தாள்.

“எப்பப்பா வந்த, நல்லா இருக்கிறியா?” என்று கேட்டாள். “கொஞ்சம் தள்ளி நில்லு அரிஹந்து, வழியில நின்னுகினு இருக்கிற.”

அரிஹந்த் தள்ளி நின்றான்.